நின்ற இடத்தில் ஓடுதல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நம் தோழி ஒருவர் நாற்பத்தைந்து வயதில் ஓடத் தொடங்கினார். மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தார். நடந்து நடந்து அலுத்துப்போய், ஓடித்தான் பார்ப்போமே என்று முடிவு செய்தார். வீட்டு மாடியறையில் ஒரு ட்ரெட்மில் வந்து இறங்கியது. மூன்று மாதம் கழித்து அவர் நம்மிடம் கேட்ட கேள்வி எளிமையானது: "இதுல ஓடுறதும் ரோட்டுல ஓடுறதும் ஒண்ணுதானா?" உடற்பயிற்சி வல்லுநரிடம் கேட்கவேண்டியதை இலக்கியம் படிக்கிறவர்களிடம் கேட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. நாம் நூலகத்துக்குப் போனோம். உடற்பயிற்சியின் வரலாற்றைத் தேடிப்போன இடத்தில் சிறையின் வரலாறு கிடைத்தது.

முதலில் சொல்லைப் பற்றி. ட்ரெட்மில்லை 'ஓடுபொறி' என்று சிலர் தமிழாக்குவதுண்டு. ஓடுவது பொறியா, அதன்மேல் நிற்பவரா என்ற ஐயத்தை அந்தச் சொல் தீர்த்துவைக்காமலே விட்டிருப்பது நமக்குப் பிடித்திருக்கிறது. பொறி என்றால் இயந்திரம்; எலிப்பொறியும் பொறிதான். ஆங்கிலப் பெயரோ காலால் மிதித்து ஓட்டும் ஆலை என்ற பொருளில் பிறந்தது. ஆலை எங்கே போயிற்று, மிதிப்பது மட்டும் எப்படி மிஞ்சிற்று என்று கேட்டுக்கொண்டே போனால், இருநூறு ஆண்டுகள் பின்னோக்கி, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் போய் நிற்கிறோம்.

வில்லியம் கியூபிட் (1785–1861) ஓர் ஆலைக்காரரின் மகன். காற்றின் வேகத்துக்கு ஏற்பத் தாமே திறந்து மூடிக்கொள்ளும் காற்றாலைச் சிறகுகளை 1807இல் வகுத்துப் பெயர் பெற்றவர். பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் ஊர்ச் சிறையில் கைதிகள் வேலையின்றிப் பொழுதைப் போக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவர்களுக்கென்று 1818இல் ஒரு சக்கரத்தை வகுத்தார் என்பது வரலாறு. அகன்ற உருளை, அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, தலைக்கு மேலிருக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறுவார்கள். அவர்கள் எடைக்குப் படி கீழே இறங்கும். அடுத்த படி வரும். ஏறுவார்கள், இறங்கும். 1821இல் லண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் இது நிறுவப்பட்ட பின், நாடெங்கும் பல சிறைகள் இதைத் தருவித்துக்கொண்டன.

தொடக்கத்தில் இதற்கொரு பயன் இருந்தது. பிரிக்ஸ்டனில் சக்கரம் தானியம் அரைத்தது. வேறு சில இடங்களில் நீர் இறைத்தது. ஆனால் எல்லாச் சிறைகளிலும் அரைக்கத் தானியம் இருக்கவில்லை. அரைக்க ஒன்றும் இல்லாத இடங்களில் சக்கரத்தோடு காற்றைத் தள்ளும் விசிறிகளைப் பூட்டினார்கள். எதிர்ப்பு வேண்டுமே, இல்லாவிட்டால் மிதிப்பது இலேசாகிவிடுமே! கைதிகள் தாம் காற்றை அரைப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். காற்றைக்கொண்டு மாவரைக்க வழிசெய்த மனிதர் வகுத்த பொறி, மனிதரைக்கொண்டு காற்றை அரைத்தது. (கியூபிட்டுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. 1851இல் லண்டன் பளிங்கு மாளிகைக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டு சர் பட்டமும் பெற்றார்.)

நியூயார்க்கில் 1822இல் இப்படியொரு சக்கரம் வந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஜேம்ஸ் ஹார்டி என்பவர் 1824இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அச்சத்துக்குக் காரணம் உழைப்பின் கடுமையைவிட அதன் மாறாத ஒரே தன்மைதான் என்பது அவருடைய கணிப்பு. ட்ரெட்மில்லில் இருபது நிமிடம் ஓடி, கடிகாரத்தைப் பார்த்து, ஏழு நிமிடந்தான் ஆகியிருக்கிறது என்று அறிந்த எவருக்கும் ஹார்டியைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. ஆனால் அவர் முழுவதும் சரியல்ல என்றே நாம் கருதுகிறோம். அதற்குப் பிறகு வருவோம்.

இலக்கிய வாசகருக்கு இந்தச் சக்கரம் அறிமுகமாவது ஆஸ்கர் வைல்டு வழியாகத்தான். 1895 மே 25 அன்று அவருக்குக் கடுங்காவலோடு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பென்டன்வில் சிறையில் அவர் மிதிசக்கரம் ஏறினார். வரவேற்பறைகளில் சாய்ந்தமர்ந்து பேசுவதையே ஒரு கலையாக வளர்த்த மனிதருக்கு, பேசாமல் ஏறிக்கொண்டேயிருப்பது தண்டனையாக வாய்த்தது. வெளியே வந்த மூன்றாண்டுகளில், 1900இல், இறந்துபோனார். 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்துக்குப் பிறகு பிரித்தானியச் சிறைகளிலிருந்து சக்கரங்கள் படிப்படியாக அகற்றப்பட்டன.

ஆனால் அதற்குள் அவை கடல் கடந்திருந்தன. ஜமைக்காவில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது; ஒழிந்த அன்றே 'பயிற்சிப் பணியாளர்' என்ற புதுப் பெயரில் அதே மக்கள் அதே தோட்டங்களில் கட்டுண்டார்கள். எசமானர் சவுக்கை எடுக்கக்கூடாது என்றானபின் அந்த இடத்துக்கு மிதிசக்கரம் வந்தது. அடியெடுத்து வைக்க முடியாமல் தவறியவர்கள், மேலே கட்டையோடு கட்டப்பட்ட மணிக்கட்டில் தொங்க, சுழலும் படிகள் முழங்காலுக்குக் கீழே வந்து வந்து இடித்தன. பெண்களும் இதற்கு விலக்கல்ல. ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர் 1837இல் லண்டனில் வெளியிட்ட வாக்குமூலம் இவற்றையெல்லாம் வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டே அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

அதே 1838இல்தான் இந்தியாவில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. தோழியின் கேள்விக்கு மிக அருகில் நாம் வந்து சேர்ந்ததும் அந்த இடத்தில்தான்.

கும்பினி ஆட்சியில் இந்தியக் கைதிகளில் பெரும்பாலோர் சுவருக்குள் அடைபட்டிருக்கவில்லை. காலில் விலங்கோடு சாலை போட்டார்கள். கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள், வழியோரக் கொட்டகைகளில் தூங்கினார்கள். இன்று நாம் விரைந்து போகும் நெடுஞ்சாலைகள் சிலவற்றின் அடிமண்ணில் அவர்கள் வியர்வை இருக்கிறது. மெக்காலேயின் குறிப்பைத் தொடர்ந்து 1836இல் அமைக்கப்பட்ட சிறை ஒழுங்குக் குழு (கல்வியைத் தொட்ட கை சிறையையும் விட்டுவைக்கவில்லை) இந்த ஏற்பாட்டை ஆராய்ந்தது; அதன்மேல் கடுமையான குறை கண்டது. சாலையில் வேலை செய்யும் கைதி போகிற வருகிறவரோடு பேசுகிறான். உறவினர் வந்து பார்க்கிறார்கள். புகையிலை கைமாறுகிறது. வெயிலும் காற்றும் அவன்மேல் படுகின்றன. ஊரும் உலகமும் கண்ணில் படுகின்றன. இது எப்படித் தண்டனையாகும்? குழுவின் பரிந்துரை தெளிவாக இருந்தது. கைதியைச் சாலையிலிருந்து அகற்றி மதிலுக்குள் கொண்டுவர வேண்டும். அங்கே மிதிசக்கரம் போன்ற, சலிப்பூட்டும், சுவையற்ற, மாறாத வேலையைக் கொடுக்க வேண்டும். ஆயிரம் பேர் அளவில் கொள்ளும் மத்தியச் சிறைகள் என்ற கருத்தும் அந்த அறிக்கையில்தான் உருப்பெற்றது.

சாலை சொர்க்கமாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. சாலைப் பணியில் நோயுற்று மடிந்த கைதிகள் ஏராளம். குழு அதையும் அறிந்திருந்தது. ஆனாலும் ஒன்று மனத்தில் நிற்கிறது. வெளியில் உழைப்பதற்கும் உள்ளே உழைப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்ற கேள்விக்கு, நமக்குத் தெரிந்தவரை இந்நாட்டில் முதன்முதலாக அக்கறையோடு விடை தேடியவர்கள் சிறை அதிகாரிகள்தாம். அவர்கள் கண்டடைந்த விடை கால் தசையைப் பற்றியதல்ல. வெளியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே.

அந்த அறிக்கை முன்வைத்த மத்தியச் சிறை வகையில் ஒன்று கடலூரில், கேப்பர் மலையில் இருக்கிறது. கடலூருக்குச் சிறை என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவு வரக்கூடியது 1918. பத்தாண்டுப் புதுவை வாசத்தை முடித்துக்கொண்டு நவம்பர் 20 அன்று பிரித்தானிய எல்லைக்குள் கால்வைத்த பாரதி கைதானார். டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். புதுவைக்கும் கடலூருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். இன்று அரைநாள் விடுமுறையில் மிதிவண்டியில் போய்வருகிற தூரம். அதைக் கடக்க அவருக்குப் பத்தாண்டு ஆயிற்று; கடந்தவுடன் மதில். அவர் தண்டனைக் கைதி அல்லர் என்பதால் உழைப்பு விதிக்கப்படவில்லை. நடைக்கும் வேகத்துக்கும் பெயர்போன அந்த மனிதர், முப்பது நாளுக்குள் முடிந்த அந்த அடைப்பை எப்படித் தாங்கினார் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

உழைப்பு விதிக்கப்பட்டவர் அவருடைய நண்பர். 1908 ஜூலை 7 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். மாடு சுற்றவேண்டிய வட்டத்தில் கப்பல் ஓட்டியவர் சுற்றினார். மிதிசக்கரத்தின் இந்திய உடன்பிறப்பு செக்குதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒன்றில் ஏறிக்கொண்டே இருந்தாலும் உயரம் கூடாது. மற்றதில் நடந்துகொண்டே இருந்தாலும் தொலைவு கூடாது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டவரை, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பயணத்துக்கு அனுப்பியதில் ஆட்சியாளர்களின் கற்பனை எவ்வளவு கூர்மையாக வேலை செய்திருக்கிறது! செக்குமாடு என்பது அதற்கு முன்பே தமிழில் வசவு. 'செக்கிழுத்த செம்மல்' என்பது அதற்குப் பின் புகழுரை. ஒரு தனிமனிதர் ஒரு சொல்லின் மதிப்பைத் தலைகீழாக்கிய நிகழ்ச்சிகள் நம் மொழியில் அதிகமில்லை.

இவ்வளவும் படித்த பிறகு ட்ரெட்மில்லைச் சிறைச்சாலையின் எச்சம் என்று தள்ளிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. தடுத்தது ஏற்றம்.

தென்னாற்காட்டுக் கிராமங்களில் பிறந்த முதியவர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். கிணற்றோரம் நட்ட காலின்மேல் நீண்ட மரம். அதன் ஒரு முனையிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் சால். மரத்தின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி நின்று முன்னும் பின்னுமாக நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், திரும்பி நடந்தால் நிறைந்து ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை, மரத்தின் நீளத்துக்குள்ளேயே எத்தனையோ கல் தொலைவு நடந்திருப்பார்கள். கால் தவறினால் கிணறு. இதுவும் ஓரிடத்திலேயே நடக்கும் நடைதான், மிதிசக்கரத்தைவிட ஆபத்தானது, அதே அளவு மாறாதது. ஆனால் இதிலிருந்து பாட்டு வந்தது. எத்தனை சால் என்று எண்ணுவதற்காகவே பிறந்த ஏற்றப்பாட்டு, பிள்ளையாரில் தொடங்கி எங்கெங்கோ போகும். ஏற்றக்காரர் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டுப்போன பாட்டின் அடுத்த அடி என்னவாயிருக்கும் என்று தெரியாமல் கம்பர் இரவெல்லாம் தவித்து, மறுநாள் விடியலில் அதே வயலுக்கு வந்து நின்றார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனாலும் கவிச்சக்கரவர்த்தியைக் காக்கவைக்கும் அளவுக்கு அந்த மரத்தின்மேல் ஏதோ நடந்துகொண்டிருந்தது என்று தமிழர் நம்பியிருக்கிறார்கள்.

ஹார்டி சொன்னதில் நாம் மாறுபடுவது இங்கேதான். மாறாத ஒரே அசைவு ஏற்றத்திலும் உண்டு. வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது. நீர் வாய்க்காலில் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது; பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது; வயல் நனைந்ததும் இறங்கிவிடலாம். ஏற்றம் மிதித்தவர்களில் பலர் பிறர் நிலத்துக்குக் கூலிக்கு மிதித்தார்கள் என்பதையும், இறங்கும் நேரம் அவர்கள் கையில் இல்லை என்பதையும் மறந்துவிட்டு இதை அழகுபடுத்தக் கூடாதுதான். மின்மோட்டார் வந்து அந்த மரங்களை விறகாக்கியபோது அவர்கள் கால்கள் அழுதிருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. அழுதது பாட்டைச் சேகரித்தவர்கள்தாம்.

சிறைச் சக்கரத்துக்கும் மாடியறைப் பொறிக்கும் நடுவே மருத்துவர்கள் இருக்கிறார்கள். உடலியங்கியல் ஆய்வுக்காக நாதன் ட்சுன்ட்ஸ் 1889இல் பெர்லினில் ஓர் ஓடுபட்டையை அமைத்தார். ஓடுபவர் ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடிவிடாமல் இருந்தால்தானே அவர் மூச்சை அளக்க முடியும்! அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ், நெஞ்சுவலிக்காரர்களை இதில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் முறையை வகுத்து 1963இல் வெளியிட்டார். மணிக்கு 2.7 கி.மீ. வேகம், பத்து விழுக்காடு ஏற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். நம் ஊர் மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று எழுதிக் கொடுப்பது இதைத்தான். 1968இல் கென்னத் கூப்பர் எழுதிய நூல், ஓட்டம் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமன்று என்று அமெரிக்கர்களை நம்பவைத்தது. அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் வீட்டுக்கேற்ற விலையில் ஒரு பொறியைச் செய்தார். ஆலை மறைந்து மிதி மட்டும் மிஞ்சிய கதை இவ்வளவுதான்.

இனி தோழியின் கேள்விக்கு வருவோம். இரண்டும் ஒன்றுதானா?

பட்டை காலைப் பின்னால் இழுத்துவிடுகிறது, ஆகையால் ட்ரெட்மில் ஏமாற்று வேலை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. சீரான வேகத்தில் போகும் ரயிலில் காப்பி சிந்தாமல் குடிக்க முடிகிறதல்லவா? அதுபோல், சீரான வேகத்தில் நகரும் பட்டையின்மேல் ஓடுவதும் நிலத்தின்மேல் ஓடுவதும் விசைக் கணக்கில் ஒன்றே. இல்லாமல் போவது எதிர்க்காற்று மட்டும். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியலாளராகச் சென்ற கிரிஃபித் பியூ பின்னாளில் ஓடுபவர்மேல் காற்றின் தடையை அளந்தார். ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் 1996இல், பட்டையை ஒரு விழுக்காடு உயர்த்திவிட்டால் அந்தக் குறை சரியாகிவிடும் என்று காட்டினார்கள். அதுவும் ஓரளவு வேகமாக ஓடுகிறவர்களுக்கே பொருந்தும். மணிக்கு ஏழோ எட்டோ கிலோமீட்டர் ஓடும் புதியவருக்கு அந்த ஒரு விழுக்காட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் காற்று தடை மட்டுமல்ல, விசிறியும் அதுதான். ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. வெளியில் ஓடுபவர் தம் வேகத்துக்குத் தாமே காற்றை உண்டாக்கிக்கொண்டு ஓடுகிறார். வியர்வை ஆவியாகிக் குளிர்விக்கிறது. பொறியின்மேல் அந்தக் காற்று இல்லை. கடலூர் போன்ற, வியர்வை உலர மறுக்கும் கடற்கரை ஊரில், மூடிய அறையில், மின்விசிறியை நேரே திருப்பி வைக்காமல் ஓடுவது தம்மைத் தாமே வேகவைத்துக்கொள்வதுதான். முன்னே இருக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதைப் பிடித்தால் எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுகிறது. திரையில் காட்டும் கணக்கு பொய்யாகிறது. மிதிசக்கரத்துக் கைதிகளுக்குத்தான் கட்டை தேவைப்பட்டது.

பொறி செய்யும் ஓர் உதவியைப் பெரிதாகவே சொல்ல வேண்டும். அது வேகத்தைக் காக்கிறது. புதிதாக ஓடுகிற எவரும் செய்யும் முதல் தவறு, தொடக்கத்தில் விரைந்து, ஐந்தே நிமிடத்தில் மூச்சிரைத்து நிற்பது. பொறி அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆறு என்று வைத்தால் ஆறுதான். ஆனால் அதையே நம்பியிருப்பவருக்குத் தம் வேகத்தைத் தாமே அறியும் பழக்கம் வளராமல் போகிறது.

நம் தோழிக்கு நேர்ந்தது அதுவே. மூன்று மாதம் பொறியில் முப்பது நிமிடம் ஓடிப் பழகியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடுவதென்று புறப்பட்டார். தெரு காலி, காற்று முகத்தில், பறப்பதுபோல் இருந்ததாம். கடலை அடைந்ததும் ஆவலில் உலர்ந்த மணலிலும் கொஞ்சம் ஓடினார். (மணலில் ஓடக் கெட்டி நிலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான ஆற்றல் தேவை என்று 1998இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அது அப்போது தெரியாது.) பிறகுதான் வீடு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது நினைவு வந்திருக்கிறது. பொறியில் பொத்தானை அழுத்தினால் அங்கேயே வீடு. சாலையிலோ போன தூரமெல்லாம் திரும்பவேண்டிய தூரம். காலில் தெம்பில்லை, கையில் காசில்லை. ஆட்டோவில் வந்து இறங்கி, மகனைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கச் செய்தார்.

அவர் முதலிலேயே ஏன் கடற்கரைக்குப் போகவில்லை என்று நாம் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. விடியலில் தனியாக ஓடும் பெண்ணுக்குத் தெருநாய் ஒரு தொல்லை என்றால், தேநீர்க்கடை வாசலில் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் தலைகள் இன்னொன்று. "நாய் கூட ரெண்டு நாள்ல பழகிடுது" என்றார். தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி, என்னம்மா அவசரம், ஏறிக்கோங்க என்கிறார்களாம். அக்கறையோடுதான். நாற்பத்தைந்து வயதுப் பெண் காரணமில்லாமல் ஓடக்கூடும் என்பதை ஊர் இன்னும் ஏற்கவில்லை. 1838ஆம் ஆண்டுக் குழு சாலையை ஏன் அஞ்சியதோ (மனிதர்கள் இருக்கிறார்கள்) அதே காரணத்துக்காக இங்கே ஒருவர் மாடியறைக்குள் போயிருக்கிறார். விரும்பித்தான் போனார், விரும்பும்போது நிறுத்தும் பொத்தான் அவர் கையில்தான் இருக்கிறது. சிறையோடு ஒப்பிடுவது மிகையே. ஆயினும் உள்ளே ஓடுவதை அவர் தேர்ந்தெடுத்தாரா, வெளியே ஓடுவது அவருக்குத் தரப்படவில்லையா என்று கேட்டால், அவரிடமே தெளிவான விடை இல்லை. உள்ளே எதிரிலிருப்பது சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் இருக்கும் விரிசல்களெல்லாம் தமக்கு மனப்பாடம் என்கிறார்.

கடந்த ஆண்டு ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனபோது அவரும் எங்களோடு வந்தார். கோபுர வாயிலின் உட்சுவர்களில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் நூற்றெட்டுக் கரணங்களை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். ஒரு சதுரத்துக்குள் ஒரு பெண். அந்தச் சதுரத்தை விட்டு எங்கும் போகாமல் இத்தனை அசைவு. தில்லைக் கூத்தனும் அப்படித்தான், ஊன்றிய கால் ஊன்றியபடி. மற்றக் கோயில்களில் மூலவர் உள்ளேயே இருக்க, உற்சவர் வீதிக்கு வருவார். சிதம்பரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. ஆனியிலும் மார்கழியிலும், ஆண்டுக்கு இருமுறை, உள்ளே ஆடுகிற அதே நடராசர் தேரேறி நான்கு வீதிகளையும் சுற்றி வருகிறார். அதற்கான காரணத்தைத் தீட்சிதர்கள் ஒருவிதமாகவும் ஆகம நூல்கள் படித்தவர்கள் வேறுவிதமாகவும் சொல்வார்கள்; அந்த வழக்கினுள் நாம் போகவில்லை.

தேர் போகும் நாளில் அந்த வீதிகளில் எவரும் எவரையும் ஏன் நடக்கிறாய் என்று கேட்பதில்லை. வடம் பிடிக்கிறவர்களும் தண்ணீர் மோர் கொடுக்கிறவர்களும் குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்களும் என்று கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. கீழவீதித் தேரடியில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று நம் தோழி வெறுங்காலில் தேர்ப் பின்னாலேயே வந்தார். நடுவில் தேர் நின்ற நேரமெல்லாம் நின்றார். தேர் அசைந்தபோது நான்கடி ஓடினார். பக்கத்தில் ஒரு பாட்டி அவர் கையைப் பற்றிக்கொண்டு, யார் என்றுகூடக் கேட்காமல், ஒரு வீதி முழுக்க நடந்தார்.

இப்போது வாரத்தில் ஆறு நாள் பொறியில் ஓடுகிறார். ஞாயிறு மட்டும் கடற்கரைச் சாலை. மெதுவாகத் தொடங்குகிறார், பாதி மூச்சைத் திரும்புவதற்கு வைத்துக்கொள்கிறார். மழைக்காலத்தில் பொறிதான். அண்மையில் அடுத்த தெருவிலிருந்து இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டாராம். இருவராக ஓடினால் தேநீர்க்கடையில் திரும்பும் தலைகள் பாதியாகக் குறைகின்றன என்று கணக்குச் சொல்கிறார். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் எப்போதும் இடுப்பில் இருக்கிறது.